பொன்னுக்கு வீங்கியும் ஒரு பல் முகாமும்

பல் முகாமுக்குக் கூப்பிட்டால் போங்கள். ஆனால் மேடையில் மட்டும் உட்காராதீர்கள். உட்கார்ந்தால் மாலை போடுவார்கள், மாலை போட்டால் பேசச் சொல்வார்கள், பேசி முடிப்பதற்குள் பிள்ளைகளுக்கு வீட்டு மணி அடித்துவிடும். நீலகிரியில் அரசு ஆஸ்பத்திரிகளில் பல் மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாக மலையேறி வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விஷயம் இதுதான். பல் பிடுங்குவது எப்படி என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பொன்னாடையிலிருந்து தப்பிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

நான் சரியாகத் தப்பித்தது ஒரே ஒரு முறைதான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடம். முகாம் நடத்தியது ஒரு வியாபாரிகள் சங்கம். சங்கத் தலைவர் ஹோம்மேட் சாக்லேட் கடை வைத்திருப்பவர். சாக்லேட் விற்பவர் எதற்குப் பல் முகாம் நடத்துகிறார் என்று உங்களுக்குச் சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். தொழில் என்று பார்த்தால் எனக்கு அவரைவிட நெருங்கிய கூட்டாளி யாரும் கிடையாது.

பள்ளி வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். அதில் தலைவர் படமும், பக்கத்தில் ஒரு கடைவாய்ப் பல்லின் படமும் இருந்தன. பல் சிரித்துக்கொண்டிருந்தது, தலைவர் சிரிக்கவில்லை. அவருக்குப் பல் செட் சரியாகப் பொருந்தாமல் இருந்த காலம் அது. பிள்ளைகளுக்கு முதலில் சர்க்கரை தூக்கலாக டீயும் வர்க்கி பிஸ்கட்டும் கொடுத்தார்கள். அந்த வர்க்கி பல்லில் அப்பிக்கொண்டிருக்கும்போதே எங்கள் முன்னால் வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார்கள். கடைசியில் கொடுக்கவிருந்த பரிசுப் பையில் ஒரு பிரஷ், ஒரு பேஸ்ட், ஒரு பெட்டி சாக்லேட். மூன்றும் தலைவரின் அன்பளிப்பு.

வரிசையில் வந்த பிள்ளைகளின் வாயைப் பார்த்து நான் அசந்துவிட்டேன். ஒரு சொத்தை இல்லை, ஒரு கறை இல்லை. பால் குடிக்கிற வயதிலேயே ஃபீடிங் பாட்டிலில் இனிப்பு டீயைக் குடித்து வளர்கிற பிள்ளைகள் இவர்கள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவில், அழுகிற குழந்தைக்கு அதுதான் தாலாட்டு. இந்த எஸ்டேட்டில் மட்டும் எப்படி இப்படிப்பட்ட பல் என்று எனக்குப் புரியவில்லை. என்னோடு வந்திருந்த இளம் டாக்டர், உங்களை மாதிரி அப்போதுதான் படிப்பு முடித்தவர், "மேடம், இங்கே தண்ணியில ஏதோ இருக்கு. ஒரு பேப்பர் எழுதலாம்" என்று பரபரத்தார்.

தண்ணீரில் ஒன்றும் இல்லை. தலைமையாசிரியைதான் காரணம். அவர் முந்தின வாரமே வகுப்பு வகுப்பாகப் போய் எல்லாப் பிள்ளைகளின் வாயையும் திறந்து பார்த்து, நல்ல பல்லாகப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தார். சொத்தைப் பல் பிள்ளைகள் எல்லாம் பின்பக்க வகுப்பறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டபோது அவர் மறைக்கவும் இல்லை. "பத்திரிகைக்காரங்க வர்றாங்க மேடம். கறுப்புப் பல்லா போட்டோவுல வந்தா ஸ்கூல் பேரு என்னாகறது?"

அவரைத் திட்டாதீர்கள். நம் ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளன்று கட்டிலுக்கெல்லாம் புது விரிப்பு எங்கிருந்து வருகிறது, மறுநாள் எங்கே போகிறது என்று நீங்களும் போகப் போகத் தெரிந்துகொள்வீர்கள். நோயே இல்லாதவர்களாகப் பார்த்து முகாமுக்கு அனுப்பினால் எல்லாருக்கும் நல்ல பெயர். நோயாளிகள்தான் இடைஞ்சல்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். அவர் பேச்சின் நீளம் எனக்குத் தெரியும். கை கழுவும் சாக்கில் நான் எழுந்து பின்பக்கம் போனேன். சத்துணவுக்கூடத்தை ஒட்டி அரிசி மூட்டைகள் அடுக்கிய ஒரு சின்ன அறை. அதன் கதவு பாதி திறந்திருந்தது.

உள்ளே ஒரு பெஞ்சில் எட்டு வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தாள். தர்ஷினி என்று பிறகு பெயர் தெரிந்தது. இரண்டு கையையும் பெஞ்சில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, மோவாயை நீட்டி வைத்துக்கொண்டிருந்தாள். தலையில் கம்பளிக் குல்லா, முகத்தைச் சுற்றி மப்ளர். வாயோரம் எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. இந்தக் குளிரில் எல்லாப் பிள்ளையும் குல்லாவும் மப்ளருமாகத்தான் இருக்கும் என்பதால் யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. எனக்கும் முதலில் கண்ணில் பட்டது அவள் கழுத்தில் மப்ளருக்கு மேலே கிடந்த தங்கச் சங்கிலிதான். தாம்புக்கயிறு தடிமன். அந்தச் சட்டைக்கும் அந்தச் சங்கிலிக்கும் சம்பந்தமே இல்லை.

பக்கத்தில் அவள் அம்மா, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கைக்கூட அவிழ்க்காமல் நின்றுகொண்டிருந்தாள். "பொன்னுக்கு வீங்கிங்க டாக்டரம்மா" என்றாள். "ஒட்டிக்கும்னு டீச்சர் இங்கன உக்கார வச்சிருக்காங்க."

உங்களுக்குத் தெரிந்ததுதான். கன்னம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி, கழுத்தில் பொன்னைப் போட்டால் வடிந்துவிடும், அம்மன் வந்திருக்கிறாள் என்பதால் ஊசி மருந்து கூடாது. லயத்து வரிசை வீடுகளில் இருப்பவர்கள் மட்டுமா செய்கிறார்கள்? கோயம்புத்தூரில் பெரிய பெரிய வீடுகளிலும் செய்கிறார்கள். பெரும்பாலும் அந்த வீக்கம் தானாகவே வடிந்துவிடும், பெயர் தங்கத்துக்குப் போய்விடும். இதில் தங்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நம் வைத்தியத்தில் பாதிக்கும் இப்படித்தான் நல்ல பெயர் கிடைக்கிறது.

லயத்தில் பக்கத்து வீட்டில் வாங்கிய ஒரு மெல்லிய செயினைத்தான் முதலில் போட்டிருக்கிறார்கள். வீக்கம் குறையவில்லை. அன்று காலை தலைவரின் மனைவி இந்தக் குழந்தையைப் பார்த்து, "இத்தனூண்டு செயினுக்கெல்லாம் எங்கீங்க கேக்கப்போகுது?" என்று இரக்கப்பட்டு, தன் கழுத்தில் இருந்ததையே கழற்றிப் போட்டுவிட்டார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸும் வைத்தாகிவிட்டது.

நான் மப்ளரை விலக்கிப் பார்த்தேன். பொன்னுக்கு வீங்கியில் வீக்கம் காதடியில் வரும், காது மடலைத் தூக்கிக் காட்டும். இவளுக்கு வீக்கம் தாடைக்கு அடியில், இரண்டு பக்கமும், கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தது. தொட்டால் பலகை மாதிரி கெட்டி. உடம்பு கொதித்தது. பேர் கேட்டேன், வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுகிறவள் மாதிரி ஏதோ சொன்னாள். வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறந்தது. செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தை முட்டிக்கொண்டு நின்றது. கீழ்க் கடைவாயில் ஒரு பல் குழியாகிக் கிடந்தது. அதில் சேர்ந்த சீழ்தான் இறங்கிக் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

"பல் வலிக்குதுன்னு சொன்னாளா?" என்றேன்.

"போன மாசம் சொன்னிச்சிங்க. பால் பல்லுதானேன்னு விட்டுட்டோம்."

எனக்குப் பயம் வந்தது. அதை வெட்கப்படாமல் எழுதுகிறேன். அந்த நாக்கு இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளினால் மூச்சுக்குழாய் அடைபடும். எச்சிலை விழுங்க முடியாத குழந்தை அடுத்தது மூச்சுக்குத்தான் திணறும். இளம் டாக்டரைக் கூப்பிட்டேன், ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டோம். பிரசவக் கேஸோடு குன்னூர்ப் பக்கம் போயிருக்கிறது, திரும்பி வர நேரமாகும் என்றார்கள். நாங்கள் வந்த ஜீப் மருந்துப் பெட்டி எடுக்கப் போயிருந்தது. இந்த நேரத்தில் தலைமையாசிரியை ஓடி வந்து, "மேடம், பொன்னாடை போர்த்த உங்களைத் தேடுறாங்க" என்றார். தலைவர் போர்த்திவிடட்டும், அதன் பிறகு எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்பது அவர் யோசனை.

இதற்குள் நம் இளம் டாக்டர் வேலையில் இறங்கிவிட்டார். கழுத்தைச் சரியாகப் பார்ப்பதற்குச் சங்கிலி இடைஞ்சலாக இருந்தது. "முதல்ல இதக் கழட்டுங்கம்மா. பள்ளிக்கூடத்துக்குள்ள என்ன மூடநம்பிக்கை இது? புள்ள சாகக் கெடக்குது" என்று சங்கிலியில் கை வைத்தார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. ஆனால் அந்த அம்மா குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஏலாதுங்க. எங்க லயத்துல ஒரு புள்ளைக்கு அம்மன் வந்தப்ப ஊசி போட்டாங்க. மறுநா தூக்கிக் குடுத்தோம். நான் ஊட்டுக்குக் கொண்டு போறேன், வுடுங்க."

சொல்லிவிட்டுக் கதவைத் தாண்டிவிட்டாள். லயத்துக்கு அங்கிருந்து குறுக்குப் பாதை. தேயிலைக்குள் இறங்கிவிட்டால் அவளைத் தேடிப் பிடிப்பது நடக்காத காரியம். அந்தக் குழந்தை அன்று சாயங்காலத்தைத் தாண்டாது என்பது எனக்கு மட்டும் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. அவள் பயமும் பொய்யில்லை, கண்ணால் பார்த்த பயம். அதை நாலு வாக்கியத்தில் மாற்ற எனக்குத் திறமை கிடையாது. உங்களுக்கு இருந்தால் சந்தோஷம்.

நான் பின்னால் போய், "சங்கிலியைக் கழட்ட வேண்டாம்" என்றேன். "ரொம்ப நல்ல சங்கிலி. அது கழுத்துலயே இருக்கட்டும். யாரும் தொட மாட்டாங்க. சங்கிலியோடவே புள்ளையைக் கோத்தகிரிக்குக் கூட்டிட்டுப் போலாம்."

அவள் நின்றாள். "செயினு கூடவே வருங்களா?"

"கூடவே வரும்."

இளம் டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. அறிவியலை அரிசி மூட்டைக்கு நடுவில் வைத்து விற்றுவிட்டேன் என்று அவர் நினைத்தார். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. நல்ல சங்கிலிதான்.

சங்கிலி ஊர்வலம் போகப்போகிற செய்தி அதற்குள் மேடைப் பக்கம் எட்டிவிட்டது. தலைவரின் மனைவி பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஏனுங்க டாக்டர், என்ற செயினு எங்கீங்க போகுது?"

"ஆஸ்பத்திரிக்குங்க. நீங்களும் வாங்க. கழுத்துல இருக்கறது உங்க செயினு, கண்ணு முன்னால இருந்தா உங்களுக்கும் நிம்மதி. ஆனா எங்ககிட்ட வண்டி இல்லை."

அவர் குழந்தையைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், எந்த வரிசையில் என்று நான் கவனிக்கவில்லை. "டிரைவரு, வண்டிய எடுங்க" என்றார். அப்போது தலைவர் தன் பேச்சில் 'பற்களைப் பேணுவதில் பெற்றோரின் கடமை' என்ற இடத்தில் இருந்தார். தன்னுடைய கார் தன்னுடைய மனைவியோடும், முகாமுக்கு வந்த இரண்டு டாக்டர்களோடும் கேட்டைத் தாண்டிப் போவதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பேச்சு நிற்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். அவர் அன்று வீடு திரும்பியது கொழுந்து லாரியில், டிரைவர் பக்கத்தில், எனக்கு வைத்திருந்த பொன்னாடையையும் மடியில் வைத்துக்கொண்டு.

பின் சீட்டில் அம்மா ஒரு பக்கம், தலைவரின் மனைவி மறு பக்கம், நடுவில் தர்ஷினி, அவளைப் பார்த்தபடி காலடியில் சாக்லேட் பெட்டிகளின் மேல் நான். குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது, நிமிர்ந்து முன்னால் சாய்ந்தே இருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்திருந்ததுதான் மூச்சுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தது. வளைவுக்கு வளைவு தலைவரின் மனைவி, "பாவம் சாமி, மடியில படுத்துக்கட்டுமே" என்று இழுப்பார், நான் நிமிர்த்துவேன். முதலில் அவர் கை சங்கிலியின் மேல்தான் இருந்தது. மூடுபனியில் வண்டி மெதுவாக ஊர்ந்தபோது தர்ஷினிக்கு மூச்சில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டதும் அவர் கை மாறியது. குழந்தையின் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார், ஒழுகுகிற எச்சிலைப் பட்டுப்புடவைத் தலைப்பாலேயே துடைத்தார். "மூச்ச வுடு கண்ணு, வுடு, வுடு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இளம் டாக்டர் முன் சீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் மேல் போன் போட்டு, நாங்கள் இறங்கும்போது ஆக்ஸிஜனும் ஊசியும் வாசலில் தயாராக இருக்கும்படி செய்துவிட்டார். கெட்டிக்காரப் பையன். வாயைத் திறக்காத நேரத்தில் இன்னும் கெட்டிக்காரன்.

கோத்தகிரியில் சங்கிலி கழுத்திலேயே இருந்ததால் அம்மா தடுக்கவில்லை; ஊசி போட்டு, அங்கிருந்து ஆம்புலன்ஸில் அவளும் நானுமாகக் கோயம்புத்தூர். ஆம்புலன்ஸிலும் தலைவரின் மனைவி ஏறிவிட்டார். யாரும் கூப்பிடவில்லை.

உண்மையான சோதனை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் வந்தது. கழுத்தில் கீறிச் சீழை எடுக்க வேண்டும், பல்லைப் பிடுங்க வேண்டும். சங்கிலியைக் கழற்றியே ஆக வேண்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். தர்ஷினியின் அம்மா மறுபடியும் கல்லாகிவிட்டாள். "யாரும் தொட மாட்டாங்கன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?" என்று என்னைக் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான். பள்ளிக்கூடத்தில் நான் கண்டுபிடித்த சாமர்த்தியம் எல்லாம் கோயம்புத்தூர் வரைக்கும் தாங்கவில்லை.

அப்போது தலைவரின் மனைவி முன்னால் வந்தார். சங்கிலியை அவரே கழற்றினார். கைப்பைக்குள் போடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை அந்த அம்மாவின் கழுத்தில் போட்டார்.

"பெத்தவ கழுத்துல கெடந்தாலும் புள்ளைக்குத்தான் கேக்கும் கண்ணு அது" என்றார். "நீ போட்டுட்டு இங்கயே உக்காரு. நானும் உக்காந்துக்கறேன். புள்ளைய அவிங்க பாத்துக்குவாங்க."

இதை எந்தப் புத்தகத்திலும் படித்து அவர் சொல்லவில்லை, அப்படி ஒரு சாஸ்திரமும் கிடையாது. அந்த நிமிஷத்தில் அவராகவே உண்டாக்கியது. அந்த அம்மா சங்கிலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பற்றியிருந்த தள்ளுவண்டியைக் கதவுக்குள் போக விட்டாள். நான் திரும்பிச் சுவரைப் பார்த்து அழுதேன்.

தர்ஷினி பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் பத்திரிகையில், முகாமில் பரிசோதித்த அனைத்துக் குழந்தைகளின் பற்களும் நலமாக இருந்ததாகச் செய்தி வந்தது. உண்மைதான், பரிசோதித்த குழந்தைகள். எஸ்டேட்டிலோ, பிள்ளையைக் காப்பாற்றியது சங்கிலிதான் என்று முடிவாகிவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டருக்கு அதில் பங்கில்லை, எனக்குச் சுத்தமாக இல்லை. கன்னம் வீங்கிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் சாக்லேட் கடைக்கே வர ஆரம்பித்தார்கள். கல்லாவில் இருக்கும் தலைவரின் மனைவி எல்லாரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "என்ற செயினு இங்க வேலை செய்யாதுங்க. ஆஸ்பத்திரியில வெச்சுப் போட்டாத்தான் கேக்கும். நடங்க, நானும் வர்றேன்." வருவார். வரிசையில் நிற்பார். டாக்டர் பார்த்து முடிக்கும் வரை சங்கிலியைக் கழற்றவே மாட்டார், முடிந்தபின் ஒரு நிமிஷம் போட்டுவிட்டு வாங்கிக்கொள்வார். என் முகாம்களுக்கு வராத சொத்தைப் பற்களெல்லாம் அவர் பின்னால் வந்தன. இதில் அறிவியல் எங்கே இருக்கிறது என்று இளம் டாக்டர் ஒரு நாள் கேட்டார். வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றேன்.

இத்தோடு நிறுத்தினால் எனக்கும் உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் நீங்கள் பல் டாக்டர்கள், உயிர் பிழைத்ததோடு உங்கள் வேலை முடியாது.

சில மாதம் கழித்து தர்ஷினியே அம்மாவோடு என் அறைக்கு வந்தாள். கழுத்தில் கீறிய தழும்பு ஆறிக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் என்னிடம் ஒரு புகார் சொன்னாள். ஆஸ்பத்திரியில் பிடுங்கிய பல்லைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்களாம். விழுந்த பல்லை எல்லாரும் செய்கிற மாதிரி லயத்துத் தகரக் கூரை மேல் எறிந்தாளாம்.

"சரியாத்தான் டாக்டரம்மா எறிஞ்சேன். மேலயே நின்னிருச்சு, கீழ வுழல. இன்னும் மொளைக்கவே இல்ல."

அவள் அம்மாவும் என் முகத்தைப் பார்த்தாள். அவளும் காத்திருந்திருக்கிறாள்.

அது பால் பல் இல்லை. ஆறு வயதில், வேறெந்தப் பல்லும் விழாமல், வாயின் கடைசியில் சத்தமில்லாமல் முளைக்கிற நிரந்தரப் பல். புதிதாக வந்ததால் அதையும் பால் பல் என்று எல்லாரும் நினைத்துவிடுகிறார்கள். முதல் வரிசைக்குப் பிள்ளைகளைப் பொறுக்கின தலைமையாசிரியை அவள் வாயைத் திறந்து பார்த்த நாளில் அந்தப் பல் அங்கேதான் இருந்தது. முகாமுக்கு முந்தின மாதம், வலிக்கிறது என்று சொன்னபோதே அவள் என் கண்ணுக்கு முன்னால் வந்திருந்தால், அடைத்துக் காப்பாற்றியிருக்கலாம்.

சங்கிலி விஷயத்தில் எனக்கு வாய் வந்தது, இதில் வரவில்லை. எட்டு வயதுக் குழந்தை, எத்தனை நாள் கண்ணாடியில் பார்த்திருப்பாளோ. கடைசியில் உள்ளதையே சொன்னேன். "அது இனிமே முளைக்காதுடா கண்ணு. அது ஒரு தடவைதான் வரும்."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அம்மாதான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தர்ஷினி கொஞ்ச நேரம் நாக்கால் அந்தக் காலி இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அந்த மாதிரிப் பல்லு இன்னும் எத்தன இருக்கு டாக்டரம்மா?"

"மூணு."

நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். நான் சொல்வதற்கு முன்னாலேயே, என் ஆயுசில் எந்தக் குழந்தையும் திறக்காத அளவுக்கு, வாயை அகலமாகத் திறந்தாள்.

விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றில் சொத்தை தொடங்கியிருந்தது. அடைத்தால் நின்றுவிடும். அன்றைக்கே அடைத்துவிட்டேன்.